ஒரு மலை எலி, இரண்டு மண்டையோடுகள்

எலி என்றாலே எல்லோருக்கும் சிரிப்பு. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் எனக்கு "எலிக்காரி" என்றுதான் பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், அம்மா "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் காபி எடுக்கப் போய்விடுவாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என்னால் சிரிக்க முடியாத எலி ஒன்று உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடம்; அதில் எலி, அணில், வௌவால்களின் தோலையும் எலும்பையும் பாதுகாக்கிற அறை. அங்கே நாங்கள் இரண்டே பேர், நானும் அவளும். அவள் லிங்கராஜபுரத்துப் பெண். அவள் வீட்டு மீன்குழம்பை நான் தின்பேன், என் புளிச்சாதத்தை அவள் தின்பாள். "ஏன்டி, இன்னைக்கும் புளிச்சாதமா?" என்று அலுத்துக்கொண்டே டப்பாவை வழித்துவிடுவாள். எனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. இவள் இருக்கிறாளே என்று நினைத்திருந்தேன். மடச்சி நான்.

அந்த வருஷம் குடகுப் பக்கம் ஒரு மலைக்குத் தனியாகப் போய்ப் பொறி வைத்தேன். குளிரும் அட்டைப்பூச்சியுமாக ஒரு வாரம். கிடைத்தது இரண்டே எலி. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த காட்டு எலி. மற்றது புசுபுசுவென்று சாம்பல் ரோமம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. கையில் எடுத்தபோதே எனக்குப் படபடத்தது. ஆனால் ரோமத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது. பல்லும் மண்டையோடும் சொல்ல வேண்டும். மேல்வாயில் முன்பல்லுக்குப் பின்னால் எல்லா எலிக்கும் இரண்டு துளை இருக்கும். என் சாம்பல் எலிக்கு அந்தத் துளைகள் பாதி நீளம்தான். கடைவாய்ப் பல்லும் வேறு மாதிரி. இதுவரை யாரும் பெயர் வைக்காத எலி! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தலையை லேசாக வேகவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் சதையைத் தேய்த்து எடுப்போம். ஒரு பாத்திரத்தில் ஒரு தலைதான் போட வேண்டும், எந்த எலி என்று எழுதிய சீட்டை அதில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நான் அவசரத்தில் இரண்டு தலையையும் ஒரே பாத்திரத்தில் போட்டேன். நூல் நழுவி, சீட்டு இரண்டும் அடியில் கிடந்தன. எது எந்த எலியின் தலை? எனக்கு உயிரே போய்விட்டது.

நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. காட்டு எலி பொறியில் விழுந்தபோது கம்பி அடித்து அதன் பிடரி எலும்பு விரிசல் விட்டிருந்தது. அதை மலையிலேயே நோட்டில் எழுதியிருந்தேன். விரிசல் விட்ட ஓடு காட்டு எலியுடையது, முழு ஓடு சாம்பல் எலியுடையது. முடிந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டையும் காட்டினேன். அவள் கன்னடத்தில் "பிடு" என்றாள், விடு என்று. "இதையெல்லாம் யார்கிட்டயும் உளறிக்கிட்டிருக்காதே" என்றும் சொன்னாள். எத்தனை அக்கறை!

கட்டுரை எழுதி, பெயரும் வைத்து, ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். இதழாசிரியர் அதை யாராவது ஒரு நிபுணரிடம் கொடுத்து ரகசியமாகக் கருத்துக் கேட்பார். இந்தியாவில் எலி நிபுணர்களை எல்லாம் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாலு மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. கூடவே பெயரில்லாத ஒரு தாள்: "மண்டையோடும் தோலும் ஒரே விலங்கினுடையவை என்பது ஐயத்துக்குரியது. சுத்தம் செய்யும்போது சீட்டுகள் கலந்ததாகத் தெரிகிறது."

சீட்டு கலந்தது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான்.

அன்றைக்கு அவள் லீவு. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தாளை நீட்டினேன். அவள் வாங்கக்கூட இல்லை.

"பொய்யா எழுதினேன்? நீ சொன்னதைத்தானே எழுதினேன்?"

"அடிப்பாவி, விரிசலைப் பத்தியும் சொன்னேனே! நோட்டைக் காட்டினேனே!"

"அதை நீ கட்டுரையில எழுதியிருக்கணும்."

எழுதியிருக்கத்தான் வேண்டும். யாரிடமும் உளறாதே என்றாளே, அதைக் கேட்டு எழுதாமல் விட்டேன். அவள் அம்மா "உள்ள வாம்மா, டீ குடி" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ்ஸில் அழுதேன், வெட்கமில்லாமல், சத்தமாகவே.

அந்தத் தாளைப் படித்துவிட்டு எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ஒன்றுதான் கேட்டார்: "சீட்டு கலந்தது நெஜமா?" ஆமாம் என்றேன். நோட்டைக் காட்டியும் அவர் மசியவில்லை, "இன்னொரு எலி பிடிச்சிட்டு வா" என்றார். மூன்று முறை போனேன். அட்டைகள்தான் என்னைப் பிடித்தன. என் எலி "இனம் நிச்சயமில்லை" என்ற சீட்டோடு பெட்டிக்குள் போனது. நான் வைத்த பெயரும் அதோடு போனது. அச்சில் வராத பெயருக்கு எங்கள் தொழிலில் மதிப்பே கிடையாது. அவள் வடக்கே ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறிப் போனாள்.

ஒன்பது பத்து வருஷம் ஓடியது. அதே அறைக்கு நான் பொறுப்பாளர் ஆனேன். ஒருநாள் அதே ஆய்விதழிலிருந்து ஒரு கட்டுரை, ரகசியமாகக் கருத்துச் சொல்லும்படி எனக்கு வந்தது. குடகு மலையில் ஒரு புதிய எலி. சாம்பல் ரோமம், வெள்ளை வால் நுனி, குட்டைத் துளைகள். ஐந்து எலி, ஐந்து மண்டையோடு, எல்லாம் சுத்தமான சீட்டோடு. எழுதியவள் அவள்.

வயிறு எரிந்தது. படித்து முடித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இரண்டு மாதம் திறக்கவில்லை. ஆமாம், வேண்டுமென்றேதான்.

ஒரு காலை அறையில் போன் அடித்தது. அவள் குரல். நேற்று பேசி வைத்தவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"என் கட்டுரை மேல ஏதோ ஒரு எருமை உக்காந்திருக்குடி. இதழாசிரியர் வாயே திறக்க மாட்டேங்கறார். உன் பழைய எலி இன்னும் பெட்டியில இருக்கில்ல? அதையும் அளந்து ஒரு வரி சேத்துட்டா கட்டுரைக்குப் பலம்."

"அது இனம் நிச்சயமில்லாத எலியாச்சே" என்றேன்.

"சும்மா இருடி. அதே எலிதான். அது எனக்கு அப்பவே தெரியும்."

அப்பவே தெரியும். இத்தனை வருஷமும் அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்திருக்கும், நான்தான் அவளைத் தப்பாக நினைக்கிறேனோ என்று மனசின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். அதையும் அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாள். "அளந்து சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

இழுப்பறையைத் திறந்தேன். எலி என்ன தப்புச் செய்தது? புதிய இனம்தான், சந்தேகமே இல்லை, வெளியிடலாம் என்று எழுதினேன். அதன் கீழே இன்னும் கொஞ்சம் எழுதினேன்: "இதே இனம் முன்பே ஒருமுறை பிடிபட்டிருக்கிறது. பிடித்தவள் நான். அதன் தோலும் மண்டையோடும் ஒரே உடம்பினுடையவை. கட்டுரையாளருக்கு இது அப்போதே தெரியும். ஆதாரம்: இன்று காலை அவரே தொலைபேசியில் என்னிடம் சொன்னது." கருத்துச் சொல்கிறவர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. நான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கட்டுரை வெளிவந்தது. என் எலிக்கு அவள் வைத்த பெயர்தான் நிலைத்தது. பெட்டியில் கிடந்த சீட்டை மாற்றி அந்தப் பெயரை நானே என் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். வாயால் இன்றுவரை சொன்னதில்லை.