ரோஸ்லினின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்

மணப்பட்டு ரோஸ்லினின் மீன் வறுவல் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அலைமோதும். தொழில் வளர வேண்டுமானால் திட்டமிட வேண்டும் என்று மகளிர் பயிற்சி வகுப்பில் சொன்னதிலிருந்து, அவளும் ஊறுகாய் வியாபாரி விஜயராணியும் ஞாயிறுதோறும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"யாவாரம் ஆவுற நாள்ல கடைய சாத்திட்டு இன்னாடி யோசன?" என்றான் கணவன் ஆண்டனி.

"கடைய தொறந்து வச்சா யோசிக்க ஏதுய்யா நேரம்?"

கூட்டமெல்லாம் எதிர்க்கடைப் பவுனம்மாளிடம் போய் நின்றது. யோசித்த களைப்பில் பசிக்கவே, இவர்களும் ஆண்டனியை அனுப்பி அங்கேதான் மீன் வாங்கினார்கள்.

"போட்டிக் கடைய ஆராயணும்ல," என்றாள் விஜயராணி.

மீன் ருசியாகவே இருந்தது. ரோஸ்லின் எதிர்க்கடையில் நின்ற கூட்டத்தை எண்ணிப் பார்த்தாள். இனி ஞாயிற்றுக்கிழமை கடையைக் கட்டாயம் திறப்பது என்று அன்றே ஒருமனதாக முடிவாயிற்று. அதை எப்படிச் செய்வது என்று அடுத்த ஞாயிறு கூடிப் பேசுவதாக ஏற்பாடு.