முப்பத்து மூன்றில் ஆண், நாற்பத்தைந்தில் பெண்

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டே என் முதல் தப்புக்குத்தான். எண்பதுகளில் சித்தூர் பஜாரில் எங்கள் கடை. இசைத்தட்டைக் கொண்டுவந்தால் கேசட்டில் பதிந்து தருவோம். நான் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மிஷன் பள்ளியின் தையல் டீச்சர் எஸ்தர் ஒரு எல்.பி. தட்டோடு வந்தார். லண்டனுக்கு வேலைக்குப் போன தம்பி அனுப்பியதாம்.

"இத்த கேட்டா நான் எப்டி கீறேன்னு உனக்கே புரியும்க்கான்னு எழுதிக்கீறான். எங்கூட்ல டேப்பு மட்டும்தான் கீதுப்பா."

உறையில் ஆள் படமே இல்லை. பனிமூட்டமும் ஒரு மொட்டை மரமும்தான்.

தட்டை ஓடவிட்டேன். டிரம் ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்ததை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு ஓர் ஆண் குரல் கிணற்றுக்குள்ளிருந்து முனகியது. ஓனர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாய்யா இது, எழவு வூடு மாதிரி? கரண்ட் இழுக்கலயா பாரு!"

கோடையில் லோ வோல்டேஜ் வந்தால் எங்கள் மோட்டார் தூங்கி வழியும். ஸ்டெபிலைசரைத் தட்டினேன், பெல்ட்டை மாற்றினேன். தட்டு சுற்றும் மேடையின் ஓரத்தில் புள்ளிகள் உண்டு. வேகம் சரியாக இருந்தால் அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றன. லேபிளிலும் நிமிஷத்துக்கு 33 சுற்று என்றுதான் இருந்தது. இப்படி அழுவதைக் கேட்க ஒருவன் காசு கொடுப்பானா என்று, நான் வேகத்தை 45-க்குத் தள்ளினேன்.

பாட்டு துள்ளியது. ஆண் குரல் பெண் குரலாகிவிட்டது.

"அத்தான பாத்தேன்! பாட்றது பொம்பளய்யா!" என்று ஓனர் என் முதுகில் தட்டினார். அப்படியே பதிந்து கொடுத்தேன்.

மறுநாள் டீச்சர் மைசூர் பாக்கோடு வந்தார். "இன்னாமா பாடுது அந்தப் பொண்ணு! தம்பி சந்தோஷமாத்தான் கீறான். நான்தான் வீணா கவலப்பட்டுக்கினு இருந்தேன்." நானும் கூச்சமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன். ப்ளேயர் இல்லாத வீட்டில் எதற்கென்று தட்டைக் கடையிலேயே விட்டுப்போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு லெட்டரோடு வந்தார்.

"அந்த ஆளு கொரல கேட்டியாக்கா, அதான் என் நெலமன்னு எழுதிக்கீறான். ஆளுன்றானே, அது பொண்ணாச்சேப்பா?"

தட்டு மாறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம், வேலையாவது தப்பும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. ஓனர் எதிரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்து 33-இல் வைத்தேன்.

ஒரு பக்கம் முழுவதும் நின்றபடியே கேட்டார். அந்த இங்கிலீஷில் எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. "அய்யோ, எந்தம்பிய இத்தினி நாளா தனியா வுட்டுட்டனே" என்றார். அடுத்த நிமிஷம் தபாலாபீசுக்கு ஓடினார், கிளம்பி வா என்று தந்தி கொடுக்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓனர் திட்டக்கூட மறந்துபோனார்.

தம்பி வந்து சேர்ந்தார். ஒருநாள் அக்காவோடு கடைக்கு வந்து, "என்னிய பொம்பள ஆக்குனது நீதானாப்பா?" என்றார். அந்தப் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டு, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புள்ளி அசையாமல் நின்றால் மெஷினில் கோளாறு இல்லை, பாடுகிறவன்தான் அழுகிறான். அவனை ரிப்பேர் பண்ணப் போகாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.