நெருப்பெரிச்சலில் இரண்டாம் முறை செத்த சித்தப்பா

திங்கள், காலை 6.20. சென்னை ரயில் திருப்பூரில் இறக்கிவிட்டது. நெருப்பெரிச்சல் ஏழு கிலோமீட்டர்; ஆட்டோவுக்கு நூற்று எண்பது ரூபாய்.

"எந்தக் கம்பெனிங்க?" என்றார் ஓட்டுநர். கம்பெனிக்கு இல்லை, ஒருவரைப் பார்க்க என்றேன்.

"ஆளப் பாக்கோணும்னா ஞாயித்துக்கெழமையில்லீங்க வரோணும்? இன்னைக்கு ஊட்ல யாருங்க இருப்பாங்க?"

எட்டரை மணி ஷிப்டுக்கு முன் ஜெபாவைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, எச்.ஐ.வி. உள்ளவர். நான் வேலை பார்ப்பது அப்படிப்பட்டவர்களுக்கான சங்கத்தில். புதன்கிழமை சென்னையில் எங்கள் கூட்டம். உலக மாநாட்டுக்குப் போகும் கோரிக்கைகள் அங்கேதான் முடிவாகும். லீவு கிடையாது என்று போனில் மறுத்துவிட்டார் ஜெபா. நேரில் கெஞ்சினால் இளகுவார் என்று வந்தேன்.

சில வருஷம் முன்பு இதே ஜெபா ஒரு கூட்டத்தில் எழுந்து, "ஞாயித்துக்கெழம மாத்திர குடுங்க, அது போதும்" என்றார். அந்த ஒரு வரியை டில்லிக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனோம். வழவழப்பான தாளில் 'பயனாளியின் வசதிக்கேற்ற நேரம்' என்று அச்சாகித் திரும்பி வந்தது. கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். ஜெபா மாத்திரை வாங்கும் மையம் இன்றும் ஞாயிறு மூடித்தான் கிடக்கிறது. ஊரைச் சொல்வானேன், எங்கள் அலுவலகத்துக்கும் ஞாயிறு விடுமுறைதான்.

சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் எட்டேகால் ஆகிவிட்டது. தெருவே டிபன் பையோடு ஓடியது. ஜெபா மட்டும் நைட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"வேலைக்குப் போகலையா?"

"சித்தப்பாவ ரெண்டு தடவ கொன்னுட்டேன்க்கா."

மாத்திரை வாங்கப் போகும் நாளெல்லாம் லீவு வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்பார். சீட்டைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். சாவுக்குச் சீட்டு கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஊரில் ஒருவரைச் சாகடித்திருக்கிறார். இந்த முறை, யாரை ஏற்கெனவே அனுப்பிவைத்தோம் என்பது மறந்துபோய்விட்டது.

"சனிக்கெழம லீவு கேட்டு நின்னேன். 'ஏம்மா, உங்க சித்தப்பா எத்தன வாட்டிதான் சாவாரு?'ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. லைன் பூரா சிரிச்சுது. இனி வரவேண்டாம்னுட்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் மேலேயே எரிச்சலாக வந்தது. வேறு கம்பெனி கிடைக்காதா என்றேன்.

"கெடைக்கும். அங்க சித்தப்பாவுல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

டீ கொடுத்தார். கெஞ்சுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் அதோடு சேர்த்து விழுங்கினேன். புதன்கிழமையைப் பற்றி வாயே திறக்காமல் கிளம்பினேன்.

ஆட்டோ வரை வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் அவரே கேட்டார்: "கூட்டம் புதன்கெழமதானக்கா?"

ஆமாம் என்றேன்.

"வாரேன். இனி நீங்க எந்தக் கெழம வச்சாலும் வாரேன்."