தூரக்கோள் ஒன்பதாம் பாகமும் என் புளுகும்

அக்கராயனில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற யோகநாதன் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே யோகநாதன் முகநூலில் 'தூரக்கோள்' படங்களுக்குப் புள்ளி போடுகிறவன் என்பது முந்நூற்றுப் பதினொரு பேருக்குத் தெரியும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. விண்வெளிப் படத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் வேறு யாரும் எழுதாததால் நான் நீதிபதியானேன். எட்டுப் பாகத்துக்கும் தீர்ப்பு எழுதியாயிற்று. ஒன்றுக்கும் பத்தில் ஆறுக்கு மேலே கொடுத்ததில்லை. பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்தில் சாதாரண சித்தி மட்டும் எடுத்துத் தப்பித் தேறியவனுக்கு இவ்வளவு திமிர் ஆகாதுதான்.

ஒன்பதாம் பாகம் தமிழ் பேசிக்கொண்டு வவுனியாத் தியேட்டருக்கு வந்தது. வவுனியாவில் வேலை செய்யும் மகள் மேனுகா பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா, அவா ஒரு படமும் பாக்கிறேல்லை" என்று போனில் சொன்னாள். எனக்கு அவளைக் கூட்டிப் போக விருப்பமில்லை.

காரணம் முதலாம் பாகம். இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஊரில் கரண்ட் இல்லை. டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டிப் படம் பார்ப்போம். இங்கிலிஷ் படம் என்றால் டி.வி.க்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லவேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. விண்கலத்துக் கப்டன் பேசியதில் காற்பங்கு விளங்கியது, மிச்சத்தை நானே பேசினேன். கப்டன் ஒரு கிரகத்தில் தனியே மாட்டிக்கொண்ட இடத்தில் எண்ணெய் முடிந்து படம் நின்றுவிட்டது.

"அந்தாள் திரும்பி வந்தவரோ?" என்று இருட்டில் ஒரு பெண்குரல் கேட்டது.

அது கமலாசனியின் குரல். அவளுக்கு முன்னால் 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது.

"ஓம், வந்திட்டார். மனுசி வாசலிலை பாத்துக்கொண்டு நிண்டவா" என்றேன். கலம் இறங்கிய விதம், தூசி எழும்பிய விதம், மனுசி ஓடிப்போன விதம் எல்லாம் சொன்னேன். அடுத்த வருடம் கமலாசனிக்கும் எனக்கும் கலியாணம்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு, பம்புச் சாமான் வாங்க ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போய்வரத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் கமலாசனி வீட்டு வாசல் படலையடியில் நின்று, "அந்தக் கப்டன் மாதிரி வந்திடுங்கோ" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்குக் கால் நகரும். இன்றைக்கும் நான் தூரத்து வேலைக்குப் புறப்பட்டால் அதே வசனம்தான்.

சண்டையெல்லாம் முடிந்த பிறகு இரண்டாம் பாகம் பார்த்தேன். முதற்காட்சியே கப்டனுக்கு அஞ்சலிக் கூட்டம். ஆள் அந்தக் கிரகத்திலேயே செத்துப்போயிருந்தார். அன்றிலிருந்து, "அது உமக்குப் பிடிக்காது" என்று சொல்லிச் சொல்லி அவளை அந்தப் படங்களின் பக்கம் அண்டவிடவில்லை. இப்போது ஒன்பதாம் பாகத்தில் கப்டனின் மகள் தகப்பனைத் தேடிப் போகிறாள். போனால் எதைக் காண்பாள் என்று எனக்குத் தெரியாதா?

தியேட்டரில் நான் திரையைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன். இப்படியொரு விமர்சகனை உலகம் கண்டிராது. கப்டனின் மகள் அந்தக் கிரகத்தில் கால் வைத்ததும், "வெளியிலை போய்த் தேத்தண்ணி குடிப்பமோ?" என்றேன்.

"இப்பதானே குடிச்சனாங்கள்."

"தலை கிலை சுத்துதோ?"

"இல்லை. பேசாமல் இருங்கோ."

முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னை முறைத்தார். திரையில் கல்லறை வந்தது. அதில் இருந்த தகப்பனின் பெயரை மகள் தமிழில் உரத்து வாசிக்கவும் செய்தாள். கமலாசனி அசையவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஓமந்தை தாண்டியதும், அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் அண்டைக்குச் சொன்னது பொய். கடைசிக் கட்டம் நான் பாக்கேல்லை" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அடுத்த கிழமையே. ஸ்கந்தபுரத்திலையும் அதே படம் போட்டவங்கள். என்ரை சிநேகிதி நிரோஜா கடைசிமட்டும் பாத்திட்டு வந்து சொன்னவள்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அந்த எட்டு நாள்கூடத் தாங்கவில்லை. செத்துப்போன புளுகுக்கு இருபத்துநாலு வருடம் காவல் நின்றிருக்கிறேன்.

"பிறகேன் படலையடியிலை நிண்டு அப்பிடிச் சொன்னனீர்?"

"அதைச் சொல்லாட்டி உங்கடை கால் நகராதே. முகத்தைப் பாத்தால் எனக்குத் தெரியாதோ? அந்தாள் செத்தது தெரியுமெண்டு சொல்லியிருந்தால் நீங்கள் படலையைத் தாண்டியிருப்பியளே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கள் போனாப்பிறகு குசினிக்குள்ளை அடுப்படியிலை இருந்து அழுவன்."

பஸ் என்றும் பாராமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டுப் படத்தில் நடிப்புச் சரியில்லை என்று எழுதியவன், வீட்டுப் படலையில் நடந்த நடிப்பைக் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், "அண்ணை, ஒன்பதுக்கு எத்தினை புள்ளி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 'நான் படத்தைப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். நான் எழுதிய தீர்ப்புகளில் நம்பக்கூடியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை முல்லைத்தீவில் ஒரு பம்பு வேலை. மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தபோது கமலாசனி படலையடிக்கு வந்தாள். வழக்கமான வசனத்துக்கு வாயைத் திறந்தவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தக் கப்டன் மாதிரி இல்லாமல், வந்திடுங்கோ" என்றாள்.