கம்பி தள்ளிய பாதி

கல்யாணமான புதிதில், கிணத்துக்கடவுத் தோட்டத்து வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது, மாமனார் என் வேலையைப் பற்றி முதன்முதலாகக் கேட்டார். நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கணவர் போத்தனூர் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் இருந்தார். நாங்கள் போத்தனூரிலேயே குடியிருந்தோம். லீவு நாளில் மட்டும் தோட்டத்துக்குப் போவோம்.

"ஏனம்மணி, செயற்கைக்கோளுக்கு மோட்டார் செய்யறீங்கன்னு பையன் சொன்னான். எத்தன எச்பி?"

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். கிணற்று மோட்டார் அஞ்சா, ஏழரையா என்பதிலிருந்துதான் அங்கே பேச்சே தொடங்கும்.

"எச்பியில சொல்ற அளவுக்கு இல்லீங்க மாமா. ஒரு குண்டு பல்பு எரியற கரண்டுதான். அது தள்ளறது, கையில ஒரு கொசு உக்காந்தா எவ்வளவு பாரமோ அதுக்கும் கொறச்சலுங்க."

மாமனார் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். மரியாதைக்காகத்தான் மேலே கேட்கவில்லை என்று தெரிந்தது. ரசம் ஊற்ற வந்த அத்தைதான் கேட்டார்.

"கொசு தள்ளி எது கண்ணு நகரும்?"

"மேல காத்தும் கெடையாது, தரையும் கெடையாதுங்க அத்தை. புடிச்சு நிறுத்த எதுவுமில்ல. தொட்டாலே நகரும். சாஸ்தியாத் தள்ளிப்போட்டாத்தான் வம்பு. படம் புடிக்கற கேமரா இம்மி திரும்பினாலும் கீழ ஊரே மாறிப்போயிருமுங்க."

"அப்பச் சரி" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என் வேலையைச் சிறியது என்று நினைக்கவில்லை. நான்தான் சில நாள் அப்படி நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. விண்வெளித் துறையிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு சிறிய திட்டம் வந்திருந்தது. செயற்கைக்கோள் பார்க்க வேண்டிய பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, அதை அவ்வப்போது மிக மெல்லத் தட்டிவிடும் ஒரு பிளாஸ்மா உந்துபொறியைச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு செம்புத் தகடுகள், நடுவில் ஒரு டெஃப்லான் கட்டை. அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே பொருள். ஒரு பெரிய கெபாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து, தீப்பொறி கொடுத்துச் சட்டென்று விட்டால், டெஃப்லானின் மேல்தோல் துளியளவு ஆவியாகி, பிளாஸ்மாவாக மாறி, பேய் வேகத்தில் வெளியே பாயும். அது ஒரு பக்கம் பாய, பொறி மறுபக்கம் தள்ளப்படும். ஒரு தீப்பொறிக்கு ஒரு தட்டு. வேண்டிய அளவு எண்ணித் தட்டலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

திட்டத்தில் நாங்கள் மூன்று பேர். எங்கள் வழிகாட்டியான பேராசிரியர், நான், என்னைவிடச் சற்று இளையவளான இன்னொரு ஆராய்ச்சி மாணவி. அவள் உக்கடத்துப் பெண். அவள் அத்தா என்றழைக்கும் அப்பா பித்தளைப் பாத்திர வியாபாரி. வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் அவள்தான். மின்சுற்றுகள் அனைத்தும் அவள் பொறுப்பு. என்னை அக்கா என்பாள். நான் அவளை அம்மணி என்பேன். கெபாசிட்டரைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்வாள். அவள் சொல்லாவிட்டால் எனக்குக் கை போகாது.

பீளமேட்டில் ஒரு பட்டறையில் செய்து வாங்கிய எஃகு உருளைதான் எங்கள் வெற்றிடக் கலம். ஓரத்தில் வட்டக் கண்ணாடி ஜன்னல். காற்றை உறிஞ்சி எடுக்கவே காலை முழுவதும் ஆகிவிடும். முதல் முறை பொறி பற்றியபோது ஜன்னலுக்குள் நீலமும் வெள்ளையுமாக ஒரு மின்னல் வந்து போனது. மீன் வாலைச் சுண்டியது மாதிரி இருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொருக்கா" என்றார்.

செய்வதைவிட அளப்பதுதான் பாடாக இருந்தது. இவ்வளவு சின்னத் தள்ளலை எந்தத் தராசும் காட்டாது. அதனால் கலத்துக்குள், நாங்கள் கை என்று சொல்லும் ஒரு நீண்ட தண்டை மெல்லிய கம்பிச் சுருளில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டோம். அதன் ஒரு நுனியில் பொறி. கையின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. லேசர் ஒளி அதில் பட்டு எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும். பொறி தட்டினால் கை திரும்பும், புள்ளி நகரும். கை பாரமாகிவிடக் கூடாது என்று கெபாசிட்டரைக் கீழே தனியாக வைத்து, தடித்த கம்பிகளால் பொறியோடு இணைத்தோம்.

போத்தனூர் பக்கம் சரக்கு ரயில் போனால் புள்ளி பேயாடியது. கல்லூரிப் பட்டறையில் லேத் ஓடினாலும் ஆடியது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்தோம். கிளம்பும்போது கணவர் சொல்லி அனுப்புவார், "பாலக்காட்டு கூட்ஸ் மத்தியானத்துக்கு மேலதான். அதுக்குள்ள முடிச்சுப்போடு." அவருக்கு என் ஆராய்ச்சியில் இருந்த பங்கு அதுதான். அதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை புள்ளி சுவரில் தெளிவாக நகர்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அதே அளவு. கணக்குப் போட்டால், அந்த அளவு மின்சாரத்துக்கு நாங்கள் எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உந்துதல். பேராசிரியர் அதிகம் சிரிக்கிற மனிதர் அல்ல. அன்று எங்கள் இருவருக்கும் கேன்டீனில் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே அறிக்கை போனது. திட்டத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு நேரில் வருவதாகப் பதிலும் வந்தது.

குழு வருவதற்கு முந்தைய வாரம், தகடுகளைத் துடைப்பதற்காகப் பொறியைக் கழற்றினோம். மறுபடி மாட்டும்போது அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இத அப்படியே திருப்பி மாட்டிப் பாக்கலாங்களா? எதிர்ப்பக்கமாத் தள்ளுச்சுன்னா புள்ளியும் எதிர்ப்பக்கம் அதே அளவு போகோணுமில்லீங்க?"

போயாக வேண்டும். குழு முன்னால் காட்டுவதற்கு அழகாகவும் இருக்கும் என்று நினைத்தேன். திருப்பி மாட்டினோம். காற்றை உறிஞ்சி எடுத்தோம். அவள் பிஸ்மி சொல்லிப் பித்தானை அழுத்தினாள். ஜன்னலில் மின்னல் வந்தது. சுவரில் புள்ளி லேசாக நடுங்கியது. நகரவில்லை.

பொறி பற்றவில்லையோ என்று பார்த்தோம். பற்றியிருந்தது. கை எங்கோ தட்டி நிற்கிறதோ என்று பார்த்தோம். நிற்கவில்லை. மறுபடி, மறுபடி. புள்ளி அங்கேயே இருந்தது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் ஒரு கட்டிலை ஒரே பக்கம் தள்ளினால் அது நன்றாக நகரும். ஒருவர் எதிர்ப்பக்கம் போய்த் தள்ளினால் நின்றுவிடும். பொறியோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்று, அதே பலத்தோடு, எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் அந்தத் தடித்த கம்பிகளைப் பார்த்தோம். அவ்வளவு மின்சாரம் ஒரே நொடியில் பாயும்போது இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். அந்த உதை கையைத் திருப்பும்.

உறுதி செய்துகொள்ள, பொறியைக் கழற்றிவிட்டு ஒரு செம்புத் துண்டால் கம்பிகளை நேராக இணைத்தோம். இப்போது பிளாஸ்மாவும் இல்லை, டெஃப்லானும் இல்லை. மின்சாரத்தை விட்டோம். புள்ளி நகர்ந்தது. நாங்கள் கொண்டாடியதில் சரிபாதி.

பேராசிரியரிடம் நான்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"கமிட்டி வந்து போகட்டுங்க. திட்டம் கையில இருந்தாத்தான் இதையும் சரி பண்ண முடியும். இப்பச் சொன்னா எல்லாமே நின்னுரும்" என்றார்.

"சார், அவங்க திருப்பி மாட்டச் சொன்னா?" என்றாள் அவள்.

"சொல்ல மாட்டாங்க."

"நமக்குத் தோணுச்சே சார்."

பேராசிரியர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த அறையை, அந்த உருளையை, எங்கள் இரண்டு பேருடைய உதவித்தொகையை அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கி வாங்கினார் என்று எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். எனக்கே ஒன்று விளங்கவில்லை. அந்தப் பாதி எங்களிடம் ஒருபோதும் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றை இழந்ததற்கு எதற்காக இப்படி வலிக்கிறது? அவர் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் பாதி உங்குளுது இல்லைன்னு உறுதியாத் தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"மீதிப் பாதி?"

அப்போதுதான் உறைத்தது. மீதிப் பாதி நிஜம். எங்கள் பொறி உண்மையாகவே தள்ளுகிறது. முதலில் எதிர்பார்த்த அளவுக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் அளந்து கூட்டிப் பாதியாக்கினால், கம்பியின் உதை கழிந்து, பொறியின் தள்ளல் மட்டும் சுத்தமாக மிஞ்சும்.

மறுநாள் இதை அவளிடம் சொன்னேன். இருவரும் பேராசிரியர் அறைக்குப் போனோம். நாங்கள் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார், "நேத்து முழுக்க யோசிச்சுப் பாத்தனுங்க. அந்த அறிக்கைய வெச்சுட்டு அவங்க முன்னால என்னால உக்கார முடியாது. ரெண்டு பக்கமும் காட்டிருவோம்." பிறகு, யாரிடமோ அனுமதி கேட்பது போல, "என்னங்க?" என்றார்.

குழுவில் வந்தவர்களில் தலைவர் ஒல்லியானவர், குறைவாகப் பேசுபவர். முதலில் பொறியை வழக்கம்போல மாட்டித் தட்டிக் காட்டினோம். புள்ளி நகர்ந்ததும் இரண்டு பேர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்குள் நின்றுகொண்டு, "இப்போ இதைத் திருப்பி மாட்டிக் காட்டறோங்க" என்று பேராசிரியர் சொன்னபோது அவர் குரல் பிசிறியது. காற்றை மறுபடி உறிஞ்சி எடுக்க நேரம் பிடித்தது. அதற்குள் அவர்களுக்குச் சாப்பாடு ஆயிற்று. வந்து பார்த்தார்கள். புள்ளி நகரவில்லை. நான் செம்புத் துண்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"ஆக, நீங்கள் அனுப்பிய எண்ணில் பாதிதான் உண்மை" என்றார் ஒருவர். "இதற்கு நாங்கள் ஏன் தொடர்ந்து செலவு செய்ய வேண்டும்?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"அந்த எண்ண நம்பி நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுங்க சார். இத நம்பலாம்."

தலைவர் கலத்தின் ஜன்னலில் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு, கெபாசிட்டரை ஏன் கீழே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பாரத்துக்காக என்றோம். தலையாட்டினார். குழு கிளம்பிப் போனது.

சில வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. வந்தபோது அது நல்லதாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. உந்துபொறியை மேலே வளர்க்கப் போவதில்லை. ஆனால் அளக்கிற கருவியைச் சரியாகச் செய்து முடிக்க ஓராண்டு நீட்டிப்பு. பேராசிரியர் இதை எங்களிடம் சொன்னபோது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று மூவருக்கும் தெரியவில்லை. விண்வெளிக்குப் போகும் என்று நினைத்த ஒன்று போகாது. அதை நான் அன்று மத்தியானம் கழுவும் தொட்டியருகே நின்று கொஞ்சம் அழுது தீர்த்துக்கொண்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. கெபாசிட்டரை ஊஞ்சல் கையிலேயே ஏற்றினோம். கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு கூடையைத் தூக்க முடியாது அல்லவா? கம்பிகள் கைக்குள்ளேயே ஒன்றையொன்று உதைத்துக்கொண்டால் கை திரும்பாது. ஆனால் பாரம் கூடிவிட்டது. கையை நீளமாக்கி, மறு நுனியில் எதிர்பாரம் வைக்க வேண்டியிருந்தது. இரும்பு கூடாது, மின்சாரம் பாயும்போது எழும் காந்த விசை அதை இழுக்கும். அவள் அத்தாவின் கடைக்குப் போனோம். அவர் எங்களுக்குச் சர்பத் வரவழைத்துவிட்டு, எடைபோடும் பழைய பித்தளைப் படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார்.

"மேல போறதுங்களா இது?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மேல போறத அளக்கறதுக்குங்க."

"அதுவும் வேணுமில்லீங்க" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறியை ஒரு பக்கம் மாட்டி அளந்தோம். திருப்பி மாட்டினோம். இந்த முறை பித்தானை என்னை அழுத்தச் சொன்னாள். பிஸ்மியை அவள் சொன்னாள். புள்ளி எதிர்ப்பக்கம் போய், சுவரில் நாங்கள் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தொட்டுத் திரும்பியது. பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "திருப்பினாலும் அதே" என்றார், தனக்குத்தானே.

அந்தக் கருவியை எடுத்துப் போக விண்வெளித் துறையின் லாரி வந்தபோது அவள் கல்யாணமாகித் திருப்பூர் போயிருந்தாள். நான் போன் செய்ததும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கையைத் தனியாகக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியில் நாங்கள் இருவருமே வைத்தோம். அதன்பின் பல வகை உந்துபொறிகளை அதன் மேல் வைத்து அளந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவற்றில் எதுவும் மேலே போயிற்றா என்று எனக்குத் தெரியாது.

லாரி வாசலைத் தாண்டியதும் பேராசிரியர் எங்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போனார். அவள் தன் புது வீட்டைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மின்சார மீட்டர்களைச் சோதித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாளாம். "எல்லா மீட்டரையும் ஒருக்கா திருப்பி மாட்டித்தான் பாக்கறனுங்கக்கா" என்றாள். அவர்கள் அவளைக் கொஞ்சம் பைத்தியம் என்று நினைக்கிறார்களாம். சாயங்காலம் நான் அவளை உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டு மறுநாள் திருப்பூர் போவதாகச் சொன்னாள். அவள் குளத்தங்கரைப் பக்கமாக நடந்து, வீடுகளுக்குள் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போத்தனூர் பஸ்ஸில் ஏறினேன்.