புத்தாண்டுப் பரிசல் பந்தயம்

ஈரமான துடுப்பு மனித உடம்பில் விழும் சத்தம், துணி துவைக்கும் சத்தத்துக்கும் விறகு பிளக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும். அதை நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒகேனக்கல்லில், ஒரு ஜனவரி முதல் தேதி நல்ல வெயிலில், ஓடும் பரிசலுக்குள் உட்கார்ந்தபடி கேட்டேன். அடித்தவர் என் அப்பா.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் மூடும் நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் எங்கள் ஊரில் எதுவும் மெதுவாக நடக்காது. பென்னாகரம் பக்கமிருந்து பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கி வரும். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன்களின் கூரைமேல் அண்டாவும் அடுப்பும் கட்டிக்கொண்டு வருபவர்களை நாங்கள் "பார்ட்டி" என்போம். மசாஜ் செய்பவர்கள் பாறைமேல் குப்புறப் படுத்தவர்களின் முதுகில் எண்ணெய் ஊற்றி அறையும் சத்தம், உயிர்மீனின் தலையில் கட்டையால் போடும் சத்தம், வெறும் பாட்டிலைப் பாறையில் வீசி உடைக்கும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் மேலே அருவி ஓயாமல் பாறையைக் குத்திக்கொண்டிருக்கும் சத்தம். காலில் கண்ணாடி குத்தாமல் அந்த விடுமுறையைக் கடந்த பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

அம்மா மீன் கடை போட்டிருந்தாள். மேலே தார்ப்பாய், கீழே இரண்டு அடுப்பு, ஒன்றில் எண்ணெய் கொதிக்கும் அகலமான வாணலி. சீசன் தொடங்கும்போதே என்னைத் தலைமுடியைப் பிடித்து உட்காரவைத்து இறுக்கப் பின்னிவிட்டு, "யாரு கூப்புட்டாலும் சிரிச்சிக்கிட்டே பதில் சொல்லு, ஆனா கை எட்டுற தூரத்துல நிக்காத" என்பாள். அப்பா பரிசல்காரர். பெயர் மாதப்பன். அதிகம் பேசாதவர். வீட்டில் ஒரு நாளும் எங்கள் மேல் கை வைத்ததில்லை. அம்மா என்னை அடிக்க விளக்குமாற்றை எடுத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த வருடம் விடுதிக்காரர்கள் சிலர் சேர்ந்து, வருகிற கூட்டத்தை இன்னொரு நாள் தங்கவைக்கலாம் என்று புத்தாண்டு அன்று போட்டிகள் வைத்தார்கள். ஆற்றோரம் மேடை போட்டு, சவுக்குக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி, காலையிலிருந்து பாட்டு. பெரியவர்களுக்கு உறியடி, பிள்ளைகளுக்குக் கயிறு இழுப்பு, கடைசியாகப் பரிசல் பந்தயம். பந்தயத்தில் ஒவ்வொரு பரிசலிலும் ஒரு பார்ட்டி ஏறிக்கொள்ளும், எங்கள் ஊர்க்காரர் துடுப்பு போடுவார், எதிர் மணல்திட்டைத் தொட்டுவிட்டு முதலில் திரும்புகிறவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு பரிசு. விளையாட்டு என்றுதான் சொன்னார்கள். ஆனால் உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவன் பானையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனின் தோளில் ஓங்கிப் போட்டு, அடி வாங்கியவன் திருப்பி அடித்து, இரண்டு பேரையும் பிரித்துவிட்ட பிறகுதான் ஒலிபெருக்கியில் "ஹேப்பி நியூ இயர்" என்று சொன்னார்கள். அன்றைக்கு அப்படித்தான் பொழுது விடிந்திருந்தது.

கயிறு இழுப்பில் எனக்கு முன்னால் நின்றவள் சிந்து. பெங்களூரிலிருந்து வேனில் வந்த ஒரு பார்ட்டியின் பிள்ளை, என் வயதுதான். கயிறு உரசி எங்கள் இருவருக்கும் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிருந்தது. நாங்கள் ஜெயித்தோம். அவள் தன் கையை என் கையோடு ஒட்டிப் பார்த்து, "உனக்குத்தான் ஜாஸ்தி ரத்தம்" என்று சிரித்தாள். அரை மணி நேரத்தில் நாங்கள் பிரிக்க முடியாதவர்களாகிவிட்டோம். அவளுக்கு ஒரு தம்பி, நடை பழகி அதிக நாள் ஆகாத குழந்தை. எல்லோரும் "குட்டி" என்றார்கள். அவள் அம்மா கையில் கேமராவோடு எதையும் பேசாமல் பின்னாலேயே வந்தார். அவள் அப்பா பெரிய உருவம். நண்பர்களோடு வேனுக்குப் பின்னால் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு முறை வரும்போதும் குரல் கூடியிருந்தது.

பந்தயத்துக்கு அந்த பார்ட்டி என் அப்பாவின் பரிசலில்தான் ஏறியது. "இவளும் வந்தாத்தான் நான் வருவேன்" என்று சிந்து என் கையை விடாமல் நின்றதால் நானும் ஏறினேன். சிந்துவின் அப்பா குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும்போதே பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர்மேல் அடித்த சாராய வாடை என் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சார், கொழந்தைய அம்மாகிட்ட குடுத்துருங்க, பந்தயத்துல ஆட்டம் அதிகமா இருக்குங்க" என்றார். "ஏன்யா, எம் புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா?" என்று அவர் சிரித்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

போகும்போது ஒன்றும் இல்லை. மணல்திட்டைத் தொட்டுத் திரும்பும்போது நாங்கள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்கு அடியில் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் இடம் ஒன்று உண்டு. மேலே பார்த்தால் எண்ணெய் விட்டதுபோல் வழவழவென்றிருக்கும், அதில் விழுந்த ஆடு மாடு எதுவும் அந்தப் பக்கம் வெளியே வந்ததில்லை. அந்தப் பாறையின் மேலே சிந்துவின் அம்மா கேமராவோடு நின்றார். அவரைப் பார்த்ததும் சிந்துவின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். என் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பரிசலின் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து, குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கித் தண்ணீர்ப் பக்கமாக நீட்டி, "எடு, எடு!" என்று கத்தினார்.

"உக்காருங்க சார்."

"இரு யா, ஒரே ஒரு போட்டோ."

"சார், உக்காருங்க சார்! கூத்கொள்ளி சார்!" அப்பா தமிழிலும் கன்னடத்திலும் கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. விளிம்பு தண்ணீரைத் தொட்டது. என் மடியில் ஆறு வந்து விழுந்தது. குழந்தை வீறிட்டுத் துள்ளியதில் சிந்துவின் அப்பாவுக்கு ஒரு கை நழுவி, குட்டி ஒற்றைக் கையில், தண்ணீருக்கு மேலே தொங்கியது. அவர் இன்னும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தார். இன்னொரு நொடி போயிருந்தால் பரிசல் கவிழ்ந்திருக்கும்.

என் அப்பா துடுப்பை ஓங்கி அவருடைய முழங்காலின் பின்புறத்தில் அடித்தார். கால் மடங்கி அவர் உள்ளே சரிந்தார். சரிந்த வேகத்தில் மூங்கில் விளிம்பில் வாய் மோதி, பல் ஒன்று தெறித்துச் சிந்துவின் பாவாடையில் விழுந்தது. அதே நேரம் அப்பா துடுப்பை ஆற்றில் விட்டுவிட்டுப் பாய்ந்து, பிடி நழுவித் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த குட்டியின் காலைப் பிடித்துவிட்டார். நானும் சிந்துவும் குழந்தையின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தோம். துடுப்பு அந்த வழவழப்பான தண்ணீரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைக்கு அடியில் போய் மறைந்தது. அப்பா இரண்டு கையாலும் தண்ணீரை வெட்டி வெட்டி இழுத்தார். பின்னால் வந்த பரிசல்காரர் ஒருவர் கயிறு வீசி எங்களைக் கரைக்கு இழுத்துச் சேர்த்தார்.

கரையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பரிசல்காரன் ஒருவன் பார்ட்டியைப் பின்னாலிருந்து துடுப்பால் அடித்ததையும், அவர் வாயெல்லாம் ரத்தமாக எழுந்ததையும்தான் அவர்கள் பார்த்தார்கள். "அடிச்சிட்டான்டா, என்ன அடிச்சிட்டான்டா!" என்று அவர் கத்தியதும், நண்பர்கள் உறியடிக்கு வைத்திருந்த கழிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். என் அப்பா கையில் குழந்தை இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டு அவர் நிமிர்வதற்குள் முதல் அடி விழுந்தது. தலையைக் காக்க இடது கையைத் தூக்கினார். அந்தக் கையின் மேலேயே திரும்பத் திரும்ப அடித்தார்கள். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது.

பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வதா, கலவரம் என்று சொல்வதா, தெரியவில்லை. பரிசல்காரர்கள் துடுப்புகளோடு வந்தார்கள். வேன்களிலிருந்து ஜாக்கி கம்பிகள் வந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேலே பறந்தன, யாரோ கல் வீச, பதிலுக்குப் பத்துக் கல் வந்தது, சம்பந்தமே இல்லாத ஒரு ஐஸ் வியாபாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒலிபெருக்கியை நிறுத்த ஆள் இல்லை. குத்துப்பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அந்தத் தாளத்துக்கு அடிப்பதுபோலவே மனிதர்கள் மனிதர்களை அடித்தார்கள். நான் குட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே போய்விட்டேன். சிந்துவும் என்கூட வந்தாள். பிறகு அவள் அம்மா எங்களைத் தேடி வந்து, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் அம்மா வந்தாள். இரண்டு பக்கமும் கந்தைத் துணி சுற்றி, கொதிக்கிற எண்ணெயோடு வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எவன்டா எம் புருசன் மேல கை வெச்சது? எவன்டா?" கழி பிடித்திருந்தவர்கள் பின்வாங்கினார்கள். சிந்துவின் அப்பா நகரவில்லை. அம்மா வாணலியைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். அவருக்குப் பின்னாலேயே சிந்துவின் அம்மா குட்டியோடு நின்றார், அவர் ஒரு அடிகூட நகராமல், "ஐயோ, கொழந்தைங்க! கொழந்தைங்க!" என்றார். என் அம்மா குட்டியைப் பார்த்தாள். வாணலியை அவள் இழுத்து நிறுத்தியதில் எண்ணெய் தளும்பி அவள் முழங்கையிலேயே வழிந்தது. அப்படியே திரும்பி, மொத்த எண்ணெயையும் ஈரப் பாறையில் கொட்டினாள். புஸ்ஸென்று எழுந்த புகையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சண்டை அங்கேதான் நின்றது.

காவல் நிலையத்தில் சிந்துவின் அப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்த பரிசல்காரன் காரணமில்லாமல் அடித்தான் என்றார். என் அப்பா உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "கொழந்த விழுந்துருக்குமுங்க" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த காவலர், "உங்கப்பனுக்கு நீ வேற எப்படிம்மா சொல்லுவ?" என்று என்னை நகரச் சொன்னார்.

"அவ சொல்றது நெஜம்" என்றாள் சிந்து. எல்லோரும் திரும்பினார்கள். அவள் பாவாடையில் ரத்தம் காய்ந்திருந்தது. "அப்பாதான் குட்டிய விட்டுட்டாரு. எந்திரிக்காதீங்கன்னு இவங்க எத்தினி வாட்டி சொன்னாங்க. இவங்க அடிக்கலன்னா நாங்க எல்லாம் செத்துப் போயிருப்போம்."

அவள் அப்பா எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தார். அன்று நான் பார்த்த அத்தனை அடியிலும் சத்தம் குறைவான அடி அதுதான். அவள் சுவரில் மோதி நின்றாள், அழவில்லை. மறுபடி கை ஓங்கியவரைக் காவலர் பிடித்துக்கொண்டார். சிந்துவின் அம்மா அன்று முதன்முறையாகக் கணவருக்கு எதிராக வாயைத் திறந்து, "எங்களுக்குக் கம்ப்ளைன்ட் எதுவும் வேணாங்க. மொதல்ல பரிசல்காரர ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார். அவர் கணவர் அவரைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மா தான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

அப்பாவின் இடது கை அதற்குப் பிறகு முழுதாக மூடவில்லை. ஆட்டம் தாங்கித் துடுப்பு பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பரிசலைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அம்மாவோடு மீன் கடையில் உட்கார்ந்தார். அம்மாவின் முழங்கையில் எண்ணெய் வழிந்த தடம் வெளுத்துக் கிடக்கிறது. கேட்பவர்களிடம் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொல்வாள்.

இப்போது நான் தருமபுரியில் இருக்கிறேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பிள்ளைகளோடு அங்கே போகிறேன். கரையெல்லாம் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போடாமல் ஒருவரையும் பரிசலில் ஏற்றுவதில்லை. எழுந்து நின்றால் கரையிலிருந்து விசில் அடிக்கிறார்கள். கயிறு இழுப்பும் உறியடியும் போயின. பரிசல் பந்தயம் அந்த ஒரு வருடத்தோடு சரி, இன்றைய பரிசல்காரப் பையன்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை.

சென்ற புத்தாண்டில் கடைக்கு முன்னால் ஒரு பெங்களூர் வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பாப்பா" என்றார். "ஸ்டேசன்ல உண்மைய சொல்லிட்டு அடி வாங்குச்சே. அங்கயாவது நாம எல்லாம் இருந்தம். வூட்டுக்குப் போன பின்னால அதுக்கு யாரு இருந்தாங்களோ."

இத்தனை வருடமாக, ஒவ்வொரு சீசனிலும், அவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

"பாத்தா என்னாப்பா கேப்பீங்க?"

அவர் வேனைப் பார்த்தபடியே வாணலியில் ஒரு மீன் துண்டைத் திருப்பிப் போட்டார்.

"சாப்புட்டியான்னு கேப்பேன்" என்றார்.