எஞ்சின் மூச்சும் உப்பு மூடையும்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் உப்பு வியாபாரி அண்ணாச்சி வாங்கிய பழைய டீசல் லாரிக்கு நான்தான் டிரைவர். எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேறப் பக்கவாட்டில் ஒரு குழாய் உண்டு, பிரீதர் என்போம். அதன் வழியே எண்ணெய் தூவானமாக வந்துகொண்டே இருக்கும். உப்பளத்துப் பாதையில் அடிக்கும் காற்று அதை வாரி முன்வரிசை மூடைகளில் அப்பிவிடும். கறை பட்ட மூடையை, தோணியை நடத்தும் தண்டல் ஏற்ற மாட்டார். என்னோடேயே திருப்பி அனுப்புவார்.

"இன்னொரு மூடை கறையோட திரும்பி வந்தா, சாவிய வச்சுட்டு நடையக் கட்டு" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் மனைவிக்கு இது ஏழாம் மாதம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைலுக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடைகளைத் தடவிப் பார்ப்பேன்.

"ஏலே, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று மேலே உட்கார்ந்து வரும் சுமைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒருநாள் பனைநார்த் தும்பை உருட்டிக் குழாயில் திணித்தேன். எஞ்சின் மூச்சை அடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தும்புதானே, காற்று போகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆசை விடுமா, மறுநாள் இன்னும் இறுக்கினேன். உப்புத்தூசியும் எண்ணெயும் சேர்ந்து தும்பு கெட்டியாகிவிட்டது. துறைமுகத்துக்கு ஒரு மைல் இருக்கையில், உள்ளே அடைபட்ட புகை நெட்டித் தள்ளி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தெறித்து, அந்தத் துளை வழியே எண்ணெய் எஞ்சின் மூடிக்குள் பீறிட்டது.

தும்பைப் பிடுங்கினேன். குழாய் என் மூஞ்சியிலேயே எண்ணெயைத் துப்பியது. ஆத்திரத்தில் டயரை உதைத்தேன், வலித்தது எனக்குத்தான். பிறகு சீட்டுக்கடியில் கிடந்த சைக்கிள் டியூபைக் குழாயில் மாட்டி, மறுமுனையை ஒரு தகர டப்பாவுக்குள் விட்டேன். டப்பாவில் தும்பை உதிரியாகப் போட்டு, காற்றுக்கு ஓட்டை வைத்துக் கட்டினேன். அதற்குள் சுமைக்காரர்கள் பொறுமையிழந்து பின்னால் வந்த லாரியில் ஏறிப் போய்விட்டார்கள்.

கம்பியைத் திரும்பச் செருகி, கைவசமிருந்த எண்ணெயை ஊற்றிக் கிளம்பினேன். எண்ணெயெல்லாம் டப்பாவுக்குள் சொட்டியது. மூடைகள் பளிச்சென்று இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரையில் தோணி கிளம்பத் தயாராக நின்றது. இறக்க இரண்டே ஆட்கள்தான் கிடைத்தார்கள். நானும் குதித்து, முதல் மூடையைத் தள்ளிக் கொடுத்தேன். தண்டல் அதை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். அதில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

திரும்பி வந்த மூடையை அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார்.

"இதையும் எஞ்சின்தான் செஞ்சுதுன்னு சொல்லுதியாலே?"

சாவியைக் கைலியில் துடைத்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து, வேலை கேட்டு அளத்துப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். அந்த லாரி எதிரே வந்தது. புது டிரைவர் என் டப்பாவைக் கழற்றவில்லை. ஒதுங்கி நின்று முன்வரிசை மூடைகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கறையில்லை. வயிறெரிந்தது.